கட்டுப் போட்ட காலும் கண்ட சினிமாவும்

சினிமாவைப் பற்றி எழுதுகிற அளவுக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. காமிரா எந்தப் பக்கம் இருந்தது, எடிட்டிங் எப்படி என்று யாராவது கேட்டால் திருதிருவென்று விழிப்பேன். படம் பிடித்தால் அழுவேன், சிரிப்பேன். பிடிக்காவிட்டால் எழுந்து போய் உளுந்து ஊறப் போடுவேன். அவ்வளவுதான் என் ரசனை! ஆனால் 2025 ஆவணியில், எழுந்தே போக முடியாத ஒரு நிலைமை எனக்கு வந்து சேர்ந்தது.

எங்கள் வீட்டு அடுக்களையில் பாத்திரம் கழுவுகிற ஸிங்குக்குக் கீழே குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. பெரிய ஒழுக்கு ஒன்றும் இல்லை. சொட்டுச் சொட்டாகத்தான். "ஏங்க, பிளம்பரைக் கூப்பிடுங்க" என்பேன். "நாளைக்கு வரச் சொல்லுதேன்" என்பார் என் வீட்டுக்காரர். அந்த நாளைக்கு வருவதற்குள் பத்து நாள் ஓடிவிட்டது. ஒரு பழைய பால் பவுடர் டின்னை அடியில் வைத்துச் சமாளித்து வந்தேன். ஒரு நாள் ராத்திரி டின்னைக் கொட்ட மறந்துவிட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் காய்ச்சப் போனவள், விளக்கைப் போடுவதற்கு முன்னாலேயே தரையில் கிடந்தேன். வலது கணுக்காலில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

எலும்பு டாக்டர் என் வயதைக் கேட்டார். 57 என்றேன். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் பலம் வேகமாகக் குறையும், ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் குறைந்துபோவதுதான் காரணம் என்று விளக்கினார். வைட்டமின் டி எவ்வளவு இருக்கிறது என்று ரத்தத்தைப் பரிசோதித்ததில், அதுவும் குறைவு! பாளையங்கோட்டை வெயிலில் முப்பது வருஷத்துக்கு மேலாகக் குடியிருக்கிறவளுக்கு இந்தக் கதியா என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், வெயில் வெளியிலே. நான் அடுக்களையில் அல்லவா இருந்தேன்!

பெங்களூரில் இருக்கிற மகள் நாலு நாள் லீவு போட்டு வந்தாள். எனக்குச் சூப் வைத்துக் கொடுத்தாள். அப்பாவுக்கு ரசம் வைக்கக் கற்றுக் கொடுத்தாள். போகும்போது டி.வி.யில் படங்களை எப்படித் தேடிப் போடுவது என்று என் கையில் ரிமோட்டைக் கொடுத்துப் பாடம் எடுத்து, ஒரு காகிதத்தில் பட்டியலும் எழுதி வைத்துவிட்டுப் போனாள். காலை நீட்டித் தலையணைமேல் வைத்துக்கொண்டு நான் ஒரு கட்டிலில். பக்கத்தில் சாய்வு நாற்காலியில் என் மாமியார். அத்தைக்கு 81 வயது. ரத்த அழுத்தம் உண்டு, மற்றபடி காதும் கண்ணும் நன்றாக இருக்கின்றன. நாக்கும்தான்! இப்படி மாமியாரும் மருமகளும் பகலெல்லாம் சேர்ந்து உட்கார்ந்தது, என் கல்யாணமான 1993க்குப் பிறகு இதுதான் முதல் தடவை. ஒருத்தி உட்கார்ந்தால் ஒருத்தி நின்றாக வேண்டும் என்பதுதானே அடுக்களைச் சட்டம்.

முதல் இரண்டு நாள் பெரிய நட்சத்திரங்களின் படங்களாகப் போட்டோம். கத்தி, துப்பாக்கி, அரிவாள். எத்தனை பேர் செத்தார்கள் என்று அத்தை விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். நாற்பதுக்கு மேல் கணக்கு தப்பிவிட்டது. "இத்தன பேருக்கும் பதினாறு நாள் காரியம் யாரு பண்ணுவா?" என்றார் கவலையாக. அந்தப் படங்களின் பெயரெல்லாம் எதற்கு, விடுங்கள்.

அதற்குப் பிறகு போட்டதுதான் 'லப்பர் பந்து'. 2024 செப்டம்பரில் வந்த படம். கிரிக்கெட்டில் எனக்கு ஓவர் எது, விக்கெட் எது என்று இன்றுவரை தெரியாது. ஆனாலும் இரண்டரை மணி நேரம் போனதே தெரியவில்லை. நாற்பது வயதைத் தாண்டியும் பெண்டாட்டிக்குத் தெரியாமல் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஒரு மனிதர் (தினேஷ்). அவருடைய மகளைக் காதலிக்கிற இளைஞன் (ஹரிஷ் கல்யாண்) மைதானத்தில் அவருக்கே எதிரி. மாமனாரும் மருமகனும் முறைத்துக்கொண்டு திரிவது ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்குப் பிடித்தது அந்தப் பெண்டாட்டியாக வரும் ஸ்வாசிகாதான். புருஷன் விளையாடப் போன மைதானத்துக்கே டிராக்டரை ஓட்டிக்கொண்டு வருவாள் பாருங்கள், நான் கட்டுப்போட்ட காலை மறந்து எழுந்திருக்கப் பார்த்தேன். ஊர் டீமில் யாரைச் சேர்ப்பது, யாரை ஒதுக்குவது என்பதில் இருக்கிற சாதிப் புத்தியையும் கதையோடு கதையாகச் சொல்லிவிடுகிறார் டைரக்டர் தமிழரசன் பச்சமுத்து. எங்கள் வீட்டில் இந்தப் படத்துக்கு அதிகம் சிரித்தது என் வீட்டுக்காரர்தான். விஜயகாந்த் பாட்டு வந்தபோதெல்லாம் கரண்டியோடு அடுக்களையிலிருந்து ஓடி வந்தார். அன்றைய சாம்பார் அடிப்பிடித்தது.

'பார்க்கிங்' (2023) என்று ஒன்று. ஒரே வீட்டில் மாடியிலும் கீழேயும் குடியிருக்கிற இரண்டு ஆண்கள், ஒரு கார் நிறுத்துகிற இடத்துக்காக அடித்துக்கொள்கிறார்கள். வம்பு அவர்களுக்கு, வலி மாடி வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிக்கு. எம்.எஸ். பாஸ்கரைப் பார்க்கும்போது, 'இந்த மனுஷனை நமக்குத் தெரியுமே, நம்ம தெருவிலேயே இருக்காரே' என்று தோன்றும். அவருக்கு தேசிய விருது கிடைத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் கடைசியில் அடிதடியைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம்.

மூன்றாவது வாரம் ஊர்வசி வாரம். மகள் எழுதிய பட்டியலில் ஊர்வசியின் பெயரைப் பார்த்ததுமே எனக்கு 1983 ஞாபகம் வந்துவிட்டது. 'முந்தானை முடிச்சு' வந்த வருஷம். எனக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் அத்தனை பேரும் அந்தப் படத்தைப் பற்றியே பேசினார்கள். எங்கள் அம்மா மட்டும் 'கூடவே கூடாது' என்று சொல்லிவிட்டார். முருங்கைக்காய் சமாசாரம் ஊரெல்லாம் பரவியிருந்ததுதான் காரணம் என்று பிற்பாடுதான் தெரிந்தது! அந்தக் குறும்புக்காரப் பெண், இன்றைக்கு 'ஜெ.பேபி'யில் (2024) ஐந்து பிள்ளை பெற்ற கிழவியைப் போல் தளர்ந்து வருகிறாள் என்றால்... நமக்கும் அல்லவா வயதாகிவிட்டது!

சுரேஷ் மாரி எடுத்த படம். தம் குடும்பத்தில் உண்மையாக நடந்ததை வைத்து எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். மனசு சற்றுப் பிசகிப்போன ஒரு தாய், வீட்டை விட்டுக் கிளம்பி எப்படியோ கொல்கத்தாவில் போய் அகப்படுகிறாள். பேச்சுவார்த்தையே இல்லாத இரண்டு மகன்கள் சேர்ந்து ரயிலேறி அவளை அழைத்துவரப் போகிறார்கள். கதை இவ்வளவுதான். நடுவில் கொஞ்சம் இழுக்கிறது. ஆனால் ஊர்வசி வருகிற இடமெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறது. நிஜத்தில் பைத்தியம் என்றால் சினிமாவில் தலையை விரித்துப்போட்டுச் சிரிப்பதுதான் என்று பழகிவிட்டோம். இந்த அம்மாள் அப்படியில்லை. ஒரு நேரம் நன்றாகப் பேசுகிறாள், மறு நேரம் எடக்குப் பண்ணுகிறாள். இது வியாதியா, வீம்பா என்று வீட்டாருக்கே தெரியவில்லை. வயதானவர்களை வைத்துப் பார்க்கிற வீட்டில் இருப்பவர்களுக்கு இது புரியும். திடீரென்று குணம் மாறினால், 'கிழத்துக்குக் கொழுப்பு' என்று ஒதுக்காமல் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

படம் முடிந்ததும் அத்தை ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமாக ஏதாவது நொட்டை சொல்வாரே என்று பார்த்தேன். மறுநாள் காலையில் ஒரு துண்டுக் காகிதத்தையும் தமது சுருக்குப்பையையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "ஏளா, இதுல நம்ம வீட்டு நம்பர், தெருப் பேரு எல்லாம் எழுதித் தா. பையிலேயே கெடக்கட்டும்" என்றார். கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அதற்கு மறுநாள்தான் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்'. இது மலையாளப் படம். 2021 பொங்கல் சமயத்தில் தியேட்டருக்கு வராமல் நேராக இணையத்தில் வந்தது. ஜியோ பேபி என்பவர் எடுத்தார். 2023இல் ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்துத் தமிழிலும் வந்தது. நாங்கள் பார்த்தது மலையாளத்தில். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு மலையாளம் பாதி புரியும், மீதியைப் படமே சொல்லிவிடும்.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும். கதாநாயகிக்கும் அவள் புருஷனுக்கும் படத்தில் பெயரே கிடையாது. நிமிஷா சஜயன் அந்தப் பெண், சுராஜ் வெஞ்ஞாறமூடு புருஷன். கல்யாணமாகி வந்தவள் சமைக்கிறாள், பரிமாறுகிறாள், கழுவுகிறாள், துடைக்கிறாள். மறுபடி சமைக்கிறாள். பின்னணி சங்கீதம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நறுக்குகிற சத்தம், தாளிக்கிற சத்தம், பாத்திரம் உருளுகிற சத்தம், அதுதான் சங்கீதம். முதல் அரை மணி நேரம் 'இதெல்லாம் நாம் தினம் பார்க்கிறதுதானே, இதற்கு எதற்குச் சினிமா?' என்றுதான் எனக்கும் தோன்றியது. அப்புறம்தான் உறைக்க ஆரம்பித்தது. மாமனார் சாய்வு நாற்காலியில் இருப்பார், மாமியார் பிரஷ்ஷில் பற்பசை வைத்துக் கொண்டுபோய்க் கையில் கொடுப்பாள். அவர் கத்த மாட்டார், அடிக்க மாட்டார். நல்ல மனுஷர்! சிரித்த முகமாக, சோற்றைக் குக்கரில் வைக்காமல் விறகடுப்பில் வைத்தால் தேவலை என்பார். துணியை மெஷினில் போடாமல் கையால் துவைக்கக் கூடாதா என்பார். சாப்பிட்டு முடித்தால் மேஜையெல்லாம் மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை. (ஊர்வசி படத்து முருங்கைக்காய் ஒரு மாதிரி என்றால், இது இன்னொரு மாதிரி.)

அந்தப் பெண்ணின் வீட்டில் ஸிங்க் குழாய் ஒழுகுகிறது. புருஷனிடம் பிளம்பரைக் கூப்பிடச் சொல்கிறாள். அவன் மறந்துவிடுகிறான். மறுபடி சொல்கிறாள். மறுபடி மறக்கிறான். அவள் கீழே வாளியை வைத்து அழுக்குத் தண்ணீரைப் பிடித்துப் பிடித்துக் கொட்டுகிறாள்.

எங்கள் கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. அத்தைதான் சாவதானமாக, "டின்னு வைக்காம வாளி வச்சிருக்கா. கெட்டிக்காரி" என்றார். என் வீட்டுக்காரர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். போனவர் பத்து நிமிஷம் வரவில்லை. அவருக்காக நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். நான் விழுந்த அன்று சாயந்தரமே பிளம்பர் வந்துவிட்டார், எண்பது ரூபாய் வாஷர் போட்டு இருபது நிமிஷத்தில் சரி செய்துவிட்டார்.

படத்தில் அந்தப் பெண்ணுக்கு நாட்டிய டீச்சர் வேலைக்கு மனுப்போட ஆசை. மாமனார் வேண்டாம் என்கிறார், வழக்கம்போல் சிரித்த முகமாக. தம் மனைவியும் மேல்படிப்புப் படித்தவள்தானாம், வீட்டோடு இருந்ததால்தான் பிள்ளைகள் நன்றாக வளர்ந்தார்களாம். மகள் வீட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருக்கிற அந்த மாமியார் போனில் ரகசியமாக மருமகளிடம், 'நீ பாட்டுக்கு மனுவைப் போடு, நான் சொன்னேன்னு சொல்லாதே' என்கிற மாதிரி பேசுகிறாள்.

இந்த இடத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அத்தை பக்கத்தில் இருக்கிறாரே என்று அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

ஏனென்று சொல்கிறேன். நான் பி.எட். படித்தவள். கல்யாணமான மறு வருஷம், 1994இல், நடந்து போகிற தூரத்தில் இருந்த ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலைக்கு எனக்கு உத்தரவு வந்தது. மாதம் 800 ரூபாய். இவர் அப்போது வெளியூரில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். காகிதத்தை எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனேன். "நம்ம வீட்டுக்கு வந்த மருமவ வெளிய போயி சம்பாதிச்சுத்தான் இங்க அடுப்பு எரியணுமா?" என்று ஒரே வார்த்தை. அவ்வளவுதான். அந்தக் காகிதத்தைக் கூறைப்புடவைக்கு அடியில் வைத்தேன். இன்னமும் அங்கேதான் இருக்கிறது. பிறகு வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன், ஏதோ கொஞ்சம் மனசு ஆறியது. ஆனால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் மறக்கவில்லை. வாய் திறந்து கேட்டதும் இல்லை. அத்தைக்கு வெந்நீர் வைக்கும்போதும், மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதும், உள்ளே எங்கேயோ அது கிடந்து குத்திக்கொண்டுதான் இருந்தது.

நான் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டிருக்க வேண்டும். அத்தை டி.வி.யைப் பார்த்தபடியே, "உனக்கு டீச்சர் வேல வந்துச்சே, அத நெனச்சு அழுதியா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

"வேண்டாம்னு சொன்னது நான்தான். சொல்லச் சொன்னது உங்க மாமா."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மாமா 2014இல் காலமாகிவிட்டார். என்னிடம் ஒரு நாளும் முகம் சுளித்தது கிடையாது. 'வாம்மா, போம்மா' என்றுதான் கூப்பிடுவார். டியூஷன் பிள்ளைகளுக்குக் கரும்பலகை வாங்கிப் போட்டதே அவர்தான். "அவிய மொகத்துக்கு நேரா உன்கிட்ட சொல்ல மாட்டாவ. நீ சொல்லிருன்னாவ. நான் சொன்னேன்" என்றார் அத்தை. அப்புறம் படம் முடியும்வரை இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பெண் கடைசியில் அந்த ஸிங்க் தண்ணீரை என்ன செய்தாள் என்பதைப் பார்க்காதவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அத்தைக்கு அது பிடிக்கவில்லை. "பெரியவங்க மேல ஊத்தலாமா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா அந்தத் தண்ணி அவ கொண்டாந்தது இல்ல" என்றும் சொன்னார்.

அன்று இரவு இவரிடம் கேட்டேன். "எனக்கு அப்ப ஒண்ணுமே தெரியாது. அம்மா வேண்டாம்னுட்டாங்கன்னு அப்பா சொன்னாங்க" என்றார். பார்த்தீர்களா? மகனிடம் அம்மா பெயர். மருமகளிடம் மாமியார் பெயர். அத்தை சொல்வது உண்மையா, அல்லது இத்தனை வருஷம் கழித்து வசதியாக ஞாபகம் வருகிறதா என்றும் ஒரு பக்கம் யோசனை ஓடியது. செத்தவரிடம் போய்க் கேட்க முடியுமா? இன்றுவரை எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை. ஒன்று மட்டும் நிஜம். நான் முப்பத்தொரு வருஷமாகக் கோபப்பட்ட ஆள் சரியான ஆள்தானா என்கிற சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வந்துவிட்டால் கோபத்தைப் பழைய மாதிரி வைத்துக்கொள்ள முடிகிறதா என்ன!

அதற்குப் பிறகு 'உள்ளொழுக்கு' போட்டது தப்பாகப் போயிற்று. ஊர்வசியின் இன்னொரு படம், 2024இல் வந்தது. இதற்குத்தான் அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. குட்டநாட்டு வெள்ளத்தில் ஒரு வீடு. மகன் இறந்துவிட்டான். தண்ணீர் வடிந்தால்தான் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்ய முடியும். பிணத்தை வைத்துக்கொண்டு மாமியாரும் மருமகளும் (பார்வதி) காத்திருக்கிறார்கள். இருவரிடமும் ஒருத்திக்கொருத்தி மறைத்த சங்கதிகள். அருமையான படம், சந்தேகமில்லை. எப்போது பார்த்தாலும் மழை, ஈரம், இருட்டு. எங்கள் வீட்டில் இருந்த மனநிலைக்கு அதைத் தாங்க முடியவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு மீதியை மறுநாள் பகல் வெளிச்சத்தில் பார்த்தோம். முடிவைச் சொல்ல மாட்டேன். மாமியார் உள்ளவர்கள் மாமியாரோடும், மருமகள் உள்ளவர்கள் மருமகளோடும் பாருங்கள். நடுவில் ஒரு காப்பி இடைவேளை அவசியம்.

ஐந்தாவது வாரம் 'லாபதா லேடீஸ்'. காணாமல் போன பெண்கள் என்று அர்த்தமாம். கிரண் ராவ் எடுத்த இந்திப் படம், 2024 மார்ச்சில் வந்தது. கதை நடக்கிற காலம் 2001. முகத்தை மூடிய முக்காட்டோடு ரயிலில் போகிற இரண்டு கல்யாணப் பெண்கள், இருட்டில் மாறிப்போகிறார்கள். ஒருத்தி தெரியாத வீட்டுக்கு மருமகளாகப் போய்ச் சேர்கிறாள். இன்னொருத்தி தெரியாத ஸ்டேஷனில் தனியாக நிற்கிறாள். சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் கீழே ஓடுகிற இங்கிலீஷ் எழுத்தைப் படித்து, அத்தைக்குத் தமிழில் கதாகாலட்சேபம் பண்ணினேன்.

ஸ்டேஷனில் நிற்கிற சின்னப் பெண்ணுக்குப் புருஷன் ஊர் பெயர் தெரியாது. புருஷன் பெயர் தெரியும், ஆனால் வாயால் சொல்ல மாட்டாள். அத்தைக்கு ஒரே சிரிப்பு. அந்தக் காலத்தில் ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் கேட்டபோது, "திருச்செந்தூர் சாமி பேரு" என்றாராம். கடைக்காரர் முருகன், கந்தன், வேலன், சண்முகம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போக, ஆறாவதாகச் சரியான பெயர் வந்ததும் தலையாட்டினாராம்!

ஸ்டேஷனில் டீக்கடை வைத்திருக்கிற அம்மாளாக வரும் சாயா கதம் என்ன ஒரு நடிப்பு! அந்தச் சின்னப் பெண் கடையில் வேலை செய்ததற்கு அவள் கூலி எண்ணிக் கொடுக்கிற கட்டத்தை நான் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். ஆனால் எங்கள் வீட்டைக் கலக்கியது அது இல்லை. மற்றப் பெண், மாறிப்போய் வந்த வீட்டில், தாமரைத் தண்டுக் கறி ரொம்ப ருசி என்று அந்த வீட்டு மாமியாரைப் பாராட்டுகிறாள். அதைக் கேட்டு அந்த அம்மாளுக்கு ஆச்சரியம். பெண்களுக்குப் பிடித்ததை யார் சமைக்கிறார்கள்? தனக்கு என்ன பிடிக்கும் என்பதே தனக்கு மறந்துவிட்டது என்கிறாள். இன்னொரு இடத்தில், வீட்டில் மாமியார், நாத்தனார், ஓரகத்தி எல்லாரும் கிடைக்கிறார்கள், சிநேகிதிதான் கிடைப்பதில்லை என்றும் பேச்சு வருகிறது.

நான் தமிழில் சொல்லி முடித்தேன். படத்தை நிறுத்திவிட்டு, "அத்தை, உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டேன். கேட்டதும் எனக்கே வெட்கமாக இருந்தது. மாமாவுக்கு என்ன பிடிக்கும், இவருக்கு என்ன, மகளுக்கு என்ன, நாத்தனார் வீட்டுக்காரருக்கு என்ன, எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இவருக்கு? அவித்துப் போட்டதைச் சாப்பிடுவார் என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது.

"எனக்கென்ன, எது போட்டாலும் சரி" என்றார். நான் விடவில்லை. கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "சாளக் கருவாடு" என்றார்.

அத்தை பிறந்தது திருச்செந்தூருக்குப் பக்கத்தில் கடலோரத்து ஊர். 1963இல் கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்தார். மாமா ஆட்டுக்கறி சாப்பிடுவார், மீன் சாப்பிடுவார், கருவாட்டு வாடை மட்டும் ஆகாது. தெருவில் யார் வீட்டில் வறுத்தாலும் எழுந்து போய்க் கூடத்து ஜன்னலைச் சாத்துவார். அதை நானே எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். ஆக, 1963லிருந்து இந்த வீட்டில் கருவாடு கிடையாது. "அம்மா வீட்டுக்குப் போனா திம்பேன். அம்மா போன பொறவு அதுவும் இல்ல" என்றார். மாமா போய்ப் பதினொரு வருஷம் ஆகிறதே, ஒரு நாளாவது கேட்டிருக்கலாமே? "யாருட்ட கேக்க?" என்றார்.

என்னிடம்தான் கேட்டிருக்க வேண்டும். கேட்கிற மாதிரி நான் இருந்தேனா?

ஆசை சரி, ஆனால் ரத்த அழுத்தக்காரருக்குக் கருவாடா! அது உப்பில் செத்து உப்பில் காய்ந்தது. ஒரு நாளைக்கு ஒருவர் எல்லாமாகச் சேர்த்தே 5 கிராம் உப்புக்குள்தான், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள்தான், சாப்பிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அத்தையின் டாக்டருக்குப் போன் போட்டேன். முதலில் 'கூடவே கூடாது' என்றார். 81 வயது, அறுபத்திரண்டு வருஷத்து ஆசை என்று விவரமாகச் சொன்னேன். சிரித்துவிட்டார். அழுத்தம் கட்டுப்பாட்டில் இருப்பதால் ஒரே ஒரு நாள், ஒரு துண்டு. அன்றைக்கு ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் எதுவும் கிடையாது. குழம்பில் தனியாக உப்புப் போடக்கூடாது. கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும். அப்படியும் உப்பு முழுக்கப் போகாது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மாத்திரையை விடவே கூடாது, மறுநாள் அழுத்தம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் உத்தரவு. இது அத்தைக்கு அவருடைய டாக்டர் சொன்னது. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அவர்களுடைய டாக்டரைக் கேட்காமல் செய்துவிடாதீர்கள்.

மாவுக்கட்டு பிரித்த மூன்றாம் நாள். இவர் மார்க்கெட்டுக்குப் போய், மூக்கைப் பொத்திக்கொண்டு வாங்கி வந்தார். அப்பாவின் மூக்கு அல்லவா! நான் அடுக்களையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அத்தை நிலைப்படியில் நின்று சொல்லச் சொல்ல, இவர்தான் சமைத்தார். மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவினார். கத்தரிக்காய் போட்டு, புளி கரைத்து, தேங்காய் அரைத்துவிட்டுக் குழம்பு. கொதி வந்ததும் அந்த வாடை கிளம்பியது பாருங்கள்! எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஜன்னலைச் சாத்த இவர் கூடத்துப் பக்கம் திரும்பினார்.

"தொறந்தே கெடக்கட்டும்" என்றார் அத்தை.

சுடுசோற்றில் குழம்பை ஊற்றி, கருவாட்டுத் துண்டை ஓரமாக வைத்துக் கொடுத்தேன். முதல் கவளம் உள்ளே போயிற்று. நாங்கள் இரண்டு பேரும் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கண்ணை மூடி மென்றார். கண்ணைத் திறந்தார். பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏளா, இதுல உப்பே இல்லையே!"